மூடாத சி.டி.யும் முதலாளியின் சட்டைப்பையும்

எழுதுவது ஒரு வேலை. மூடுவது இன்னொரு வேலை. சிவகாசியில் டிசைன் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். நீங்கள் படித்தவர்கள். படத்தை ஒரு விரலால் தள்ளி அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடிவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் நான் வேலை பார்த்தேன்.

அந்தக் காலத்தில் பென் டிரைவ் என்பது பெரிய கம்பெனிக்காரர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற நகை. எங்களைப் போன்ற கடைகளுக்கு சி.டி.தான். பட்டாசுப் பெட்டிக்கு லேபிளோ, காலண்டருக்குச் சாமி படமோ, எதுவானாலும் கம்ப்யூட்டரில் வரைந்து முடித்து, சி.டி.யில் எழுதி, திருத்தங்கலில் பிளேட் போடுகிற கடைக்குக் கொடுத்து அனுப்புவோம். அவர்கள் அதைத் தங்கள் மிஷினில் படித்து, அச்சுக்குப் பிளேட் போடுவார்கள். அந்த எழுதுகிற வேலை என்னுடையது. பைண்டிங்கில் தாள் மடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, “பாக்கியத்துக்குக் கை நடுங்காது, வாயும் பேசாது” என்று முதலாளி அந்த மிஷின் முன்னால் உட்கார வைத்தார். இரண்டாவது தகுதிதான் அவருக்கு முக்கியம் என்பது பிறகு தெரிந்தது.

மிஷினை மாட்டிக் கொடுத்தவர் மதுரைக்காரர். சி.டி. எழுதுகிற டிரைவோடு வந்த கலர் கலரான புரோகிராம் பாதி எழுதும்போதே படுத்துவிடுகிறது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து வைத்தார். அதில் டிரைவிடம் நேராகப் பேச வேண்டும். நீ யார் என்று கேட்க ஒரு கட்டளை, பழைய எழுத்தை அழிக்க ஒன்று, இவ்வளவு வேகத்தில் எழுது என்று சொல்ல ஒன்று, எழுதியதை மூட ஒன்று. எழுத்துக் கூட்டித்தான் அடிப்பேன். ஆனால் நிதானமாக அடிப்பேன்.

“டிரைவு எதிர்க்கேள்வி கேக்காதும்மா. அழின்னா அழிச்சுட்டுத்தான் மறுவேலை பாக்கும். அதனால அடிக்கிறதுக்கு முந்தி நீங்கதான் ஒங்களையே ஒரு தடவ கேட்டுக்கிறணும்” என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் மேனேஜர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிற சி.டி. ஒன்றைக் கொண்டுவந்து, “இத அழிச்சுக் குடுங்க” என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, சும்மா அழிங்க.” அழித்தேன். மச்சினன் கல்யாணப் போட்டோ அதில்தான் இருந்தது என்று சாயங்காலம் ஞாபகம் வந்து, டிரைவை வாயில் வந்தபடி திட்டினார். டிரைவு பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அதனால்தான் ஒத்துப்போனது.

இனி மூடுகிற விஷயம். சி.டி.யில் எழுதி முடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். புத்தகம் முழுவதும் அச்சாகிவிட்டது, முன்பக்கத்துப் பொருளடக்கம் மட்டும் இன்னும் அச்சாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடு என்று கட்டளை கொடுத்தால்தான் டிரைவு அந்தப் பொருளடக்கத்தை எழுதும். எழுதிய டிரைவுக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தான் எங்கே எழுதினோம் என்று அதற்குத் தெரியும். ஆனால் படிக்க மட்டும் தெரிந்த மற்ற டிரைவு பெரிய சோம்பேறி. பொருளடக்கம் இல்லையா? அப்படியானால் புத்தகமே இல்லை, வெறும் அட்டை, காலி என்று சொல்லிவிட்டு வெளியே துப்பிவிடும்.

எங்கள் முதலாளிக்கு அந்த டிரைவின் குணம்.

ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கின ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அன்றைக்கு ஒரு வேலையாவது புதிதாகத் தொடங்க வேண்டும். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் புஸ்வாண லேபிள் அப்போது கையில் இருந்தது. கோட்டும் டையும் போட்ட புலி ஒன்று விமானம் ஓட்டுகிற படம். புலிக்கும் புஸ்வாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கேட்டால் சிவகாசியில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. பூஜை முடிந்து, முதலாளி திருநீற்றுக் கையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இப்ப என்ன செய்யிது?”

“எழுதி முடிச்சிருச்சு அண்ணாச்சி. மூடப் போகுது.”

“எத மூடப் போகுது?”

“சி.டி.யத்தான்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் கையை எடுத்துவிட்டேன்.

“ஆடிப் பதினெட்டும் அதுவுமா, வெதைக்கிற நாள்ல, மூடப் போறியா? பானையில ஒரு கை சோறு மிச்சம் வைக்காத வீடு வெளங்குமா? நம்மூர்ல எவனாவது கடைய மூடுறேன்னு வாயால சொல்லுவானா? எடுத்து வைக்கிறேம்பான். நீ பாட்டுக்குத் தெனமும் மூடு மூடுன்னு அடிச்சுக்கிட்டிருக்க. அதான் போன வருசம் வந்த பார்ட்டி இந்த வருசம் வரல!”

“மூடலைன்னா அடுத்த மிஷின் படிக்காது அண்ணாச்சி” என்றேன். சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் குரலில் அது எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அவருக்குக் கேட்டது. பதிலும் சொன்னார்.

“நம்ம சி.டி.யப் படிக்கத் தெரியாத மிஷினெல்லாம் ஒரு மிஷினா? இனிமே எந்த சி.டி.யையும் மூடக் கூடாது.”

மேனேஜர் தலையாட்டினார். அவருக்கு அந்தத் தலை ஆட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது.

மூடாத சி.டி.யை மாரீஸ்வரியிடம் கொடுத்தோம். இந்தக் கதை அவளுடையது. புதுப்பட்டிப் பெண். அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறவர்கள். இவள் ஒருத்தியாவது அந்த வெடிமருந்துக் கொட்டகைச் செட்டுக்குள் போகக் கூடாது என்று பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, கம்ப்யூட்டர் கிளாசுக்கும் அனுப்பி, எங்கள் கடையில் சேர்த்திருந்தார்கள். டிசைன் பழகிக்கொண்டே, சி.டி.களைப் பஸ்ஸில் கொண்டுபோய்த் திருத்தங்கலில் சேர்ப்பாள். வாயாடி. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

திருத்தங்கலில் பிளேட் போடுகிறவர் சங்கரபாண்டி. நல்ல மனிதர், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். அவருடைய பழைய டிரைவில் போட்டுப் பார்த்துவிட்டுப் போனில் கத்தினார்.

“அண்ணாச்சி, காலி சி.டி.யக் குடுத்து விட்டுருக்கீக!”

மாரி திரும்பி வந்தாள். எங்கள் டிரைவில் போட்டேன். புலி விமானத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. முதலாளி பார்த்தார். “இந்தா இருக்கே” என்று திருப்பி அனுப்பினார். அங்கே போனால் மறுபடியும் காலி. இங்கே வந்தால் புலி. மூன்றாவது முறை முதலாளி தன் பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். பஸ் நிற்கிற இடமெல்லாம் நின்று, மாரி இறங்கினபின் அவளுக்குப் பத்தடி பின்னால் போய், சங்கரபாண்டி கடை வாசலில் அவரும் எட்டிப் பார்த்தார். காலி.

இங்கே இருக்கிற புலி அங்கே போனால் இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? மிஷினைப் பற்றி யோசிக்கிறவன் மிஷினைச் சந்தேகப்படுவான். சிவகாசியில் லேபிள் வியாபாரம் பார்க்கிறவன் மனுஷனைத்தான் சந்தேகப்படுவான். இங்கே புலி விமானம் ஓட்டினால், படம் வெளியே கசிந்த அடுத்த வாரம் எதிர்க் கம்பெனிப் பெட்டியில் சிங்கம் ஓட்டும். டிசைன் திருட்டு என்பது எங்கள் ஊரில் நகை திருட்டைவிடப் பெரிய குற்றம். நகை திருடினவனைக்கூட வேலைக்குச் சேர்ப்பார்கள்.

“பஸ்ல வச்சு மாத்திட்டா. நல்ல சி.டி.ய எதிர்க் கம்பெனிக்குக் காட்டிட்டு, வரும்போது திரும்ப வச்சுர்றா. திருடி!”

சங்கரபாண்டி கடைக்கு எதிரே டீக்கடை வாசலில் நின்று, டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை அச்சாபீஸ்காரர்களுக்கும் கேட்கும்படி முதலாளி சொன்னார். நான் அங்கே இல்லை. ஆனால் டீயை முடிக்காமல்கூட ஓடிவந்து ஆளுக்கு ஒருவிதமாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. திருடி என்று பெயர் வாங்கினால் எந்த டிசைன் கடையும் அவளை உள்ளே விடாது. அப்புறம் அவளுக்கு மிச்சம் இருப்பது புதுப்பட்டியில் அம்மா உட்கார்ந்திருக்கிற மருந்துச் செட்டு ஒன்றுதான்.

நான் முதலாளியிடம் போனேன். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. சம்பளம் கேட்கக்கூட நான் அவர் முன்னால் போய் நின்றதில்லை.

“அண்ணாச்சி, சி.டி.ய மூடல. அதான்…”

“மூடாதேன்னு நான்தான சொன்னேன்? அதுக்கும் இதுக்கும் என்ன? அது பூஜை விசயம். இது போலீஸ் விசயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத.”

அதோடு சரி. மேனேஜருக்கும் விஷயம் தெரியும். முதலாளியிடம் அவரைச் சொல்லச் சொன்னேன். “நீங்களே சொல்லுங்க யக்கா, நீங்க சொன்னாத்தான் எடுபடும்” என்றார். ஒருவன் உங்களைத் திடீரென்று உயர்த்திப் பேசினால், அவனுக்குப் பின்னால் குழி இருக்கிறது என்று பொருள்.

முதலாளி முடிவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை எல்லாரும் இருக்கன்குடிக்குப் போவது. மாரியம்மன் சந்நிதியில் மாரி சூடம் ஏற்றிக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சத்தியம் செய்தால் அம்மன் கேட்கும். செய்ய மறுத்தால் அவர் போலீஸைக் கேட்பார். சி.டி.க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மற்றவர்கள் டிரைவில் போடுவார்கள். எங்கள் முதலாளி வேன் பேசினார்.

அதோடு விட்டாரா? “எழுதுற பெட்டியையும் வண்டில ஏத்துங்க. கண்ணு பட்டிருக்கும். கோயில்ல ஒரு எலுமிச்சம்பழம் சுத்தி, திருநீறு போட்டுக் கொண்டாந்துருவோம்” என்றார். கம்ப்யூட்டருக்குத் திருநீறு. மாரிக்குச் சூடம். நியாயமாகப் பார்த்தால் மாற்றி வைத்திருக்கலாம். பெட்டி சத்தியம் செய்திருந்தால் உண்மை வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் வருவதற்கு முன்னால் மேனேஜர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“யக்கா, எதுக்கு வம்பு? நைசா இப்பவே மூடிருங்க. சங்கரபாண்டிக்கு அனுப்புவோம். படம் தெரிஞ்சுரும். எல்லாம் அடங்கிரும்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரே ஒரு கட்டளை. எழுதாமல் விட்ட பொருளடக்கத்தை மட்டும் தனியாகவும் எழுதச் சொல்லலாம், டிரைவு எழுதும். சி.டி.யை உள்ளே தள்ளி, எழுத்துக் கூட்டிக் கட்டளையை அடித்தும்விட்டேன். கடைசிப் பொத்தானைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. மாரி ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

“யக்கா, தட்டாதீக!”

“ஏன்த்தா? ஒனக்காகத்தான்.”

“எனக்காகவா? அங்க இத்தன நாளு காலியாத் தெரிஞ்ச சி.டி.ல இன்னைக்குக் காலைல புலி வந்துச்சுன்னா என்ன சொல்லுவாக? சத்தியத்துக்குப் பயந்துக்கிட்டுத் திருடி இன்னைக்கு மாத்தாமக் குடுத்துட்டாம்பாக. நான் செத்தாலும் அந்தப் பேரு போகாதுக்கா.”

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பழுதைச் சரிசெய்யத் தெரிந்திருப்பது பெரிய விஷயமில்லை. இன்றைக்குச் சரிசெய்தால் பழி யார் தலையில் விழும் என்று பார்க்காமல் கை வைக்காதீர்கள். வேலை ஓடிவிடும், ஆள் செத்துப்போவாள். மேனேஜர்கள் வேலை ஓடினால் போதும் என்பார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அன்றைக்கு இருந்த தெளிவு எனக்கு இல்லை. அடித்ததை அழித்துவிட்டு சி.டி.யை வெளியே எடுத்தேன்.

வேன் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றினார்கள். முதலாளி வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். அவர் சட்டைப்பை எப்போதும் ஒரு தினுசு பெரியது. பணக்கட்டு பிதுங்காமல் இருக்கத் தையல்காரரிடம் சொல்லி வைத்துத் தைப்பார். அந்தப் பையைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது. துணிச்சல் என்று நினைக்காதீர்கள். நேருக்கு நேர் பேசத் துணிச்சல் இல்லாதவளுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

“அண்ணாச்சி” என்றேன்.

“என்ன?”

“கோயிலுக்குப் போறதுக்கு முந்தி, கடைசியா ஒருக்கா திருத்தங்கல்ல காட்டிட்டுப் போயிருவோம். புள்ள கைல குடுத்தாத்தான மாறுது? ஒங்க பைல இருந்தா எவன் மாத்துவான்?”

அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. “பாக்கியத்துக்கு இருக்கிற மூள ஒங்க எவனுக்கும் இல்லலே!” என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்.

“மேல கையெழுத்தும் போட்டுக்கிடுங்க” என்று மார்க்கர் பேனாவை நீட்டினேன். போட்டார். முழுப் பெயரையும் இனிஷியலோடு போட்டார். எங்கள் டிரைவில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லித் தன் கண்ணால் புலியைப் பார்த்துக்கொண்டார். பெட்டியைப் பிறகு ஏற்றியிருக்கலாம். ஏற்றினதை இறக்கி, பார்த்து, மறுபடி ஏற்றினோம். போகிற காரியத்துக்காகச் சி.டி.க்கு ஒரு குங்குமப் பொட்டு வைக்கப் போனார், அதுவும் மினுமினுப்பான பக்கத்தில். “மேல வைங்க அண்ணாச்சி, கையெழுத்துப் பக்கத்துல” என்று திருப்பிப் பிடித்தேன். பிறகு அதை உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்து, வழியெல்லாம் அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வந்தார். நெஞ்சு வலிக்காரர் மாதிரி இருந்தது. மாரி வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி பேசாமல் இருந்தால் வண்டியே கனக்கிறது.

சங்கரபாண்டி கடையில் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். முதலாளி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சங்கரபாண்டி தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். டிரைவு சுற்றியது, முனகியது, நின்றது.

“காலி அண்ணாச்சி.”

சங்கரபாண்டி சி.டி.யை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஒங்க கையெழுத்துதான இது?”

“ஆமா.”

“இன்னைக்கு யாரு கொண்டாந்தது?”

முதலாளி தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டும் பார்த்தார். புலி பைக்குள் உதிர்ந்து கிடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

“அப்ப இருக்கன்குடில இன்னைக்கு யாருண்ணே சூடம் அடிக்கிறது?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். சிரிப்பை அடக்கப் பார்த்து மேனேஜருக்கு இருமல் வந்துவிட்டது.

முதலாளிகளிடம் நீங்கள் செய்தது தவறு என்று நேராகச் சொல்லாதீர்கள் பிள்ளைகளே. அது அவர்கள் காதில் விழாது. தவறை எடுத்து அவர்கள் சட்டைப்பையிலேயே போட்டு அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

எலுமிச்சம்பழத்துக்காக வந்த பெட்டி வேனில் இருந்ததே, அதை இறக்கி வைத்து மின்சாரம் கொடுத்தோம். அதே சி.டி.யை எல்லார் கண்ணுக்கும் முன்னால் அதில் போட்டேன். புலி இருந்தது. கூட்டம் ஓவென்றது. பிறகு அந்த ஒரு கட்டளையை அடித்தேன். அத்தனை ஆண்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றதில் ஒரு எழுத்தை மாற்றி அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். விளக்கு மினுக்கியது. சி.டி. வெளியே வந்தது. சங்கரபாண்டியே எடுத்துத் தன் டிரைவில் போட்டார்.

கோட்டும் டையுமாகப் புலி திருத்தங்கலில் வந்து இறங்கிவிட்டது.

முதலாளி என்னைப் பார்த்தார். “மூடிட்டியா?” என்றார். அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் கவலை.

“உள்ரூம மட்டுந்தான் அண்ணாச்சி மூடிருக்கு. வீடு தெறந்துதான் கெடக்கு. இதுலயே மேற்கொண்டு இன்னொரு வேலையும் எழுதிக்கிறலாம்.”

பொய்யில்லை. அந்தமட்டுக்கு எழுதினதை மூடிவிட்டு, சி.டி.யை மேற்கொண்டு எழுதத் திறந்து விடுகிற வசதி அந்தக் கட்டளையிலேயே உண்டு. அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்! முழுசா மூடக் கூடாதுன்னு!”

அப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. நான் பெட்டியின் வயரைச் சுருட்டினேன்.

“சரி சரி, எல்லாரும் வண்டில ஏறுங்க. பேசுன வண்டி. கோயிலுக்குப் போயி ஒரு தேங்காய ஒடச்சுட்டு வருவோம். ஏ புள்ள மாரி, நீயும் ஏறு” என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

மாரி ஏறவில்லை. டீக்கடை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

“எங்க வச்சுச் சொன்னீகளோ அங்க வச்சே சொல்லுங்க அண்ணாச்சி.”

“என்னத்தச் சொல்ல?”

அவள் அங்கேயே காலை ஊன்றி நின்றாள். பின்னாலேயே சங்கரபாண்டி கடை ஆட்களும், பக்கத்து அச்சாபீஸ் ஆட்களும் சாலையைத் தாண்டி வந்துவிட்டார்கள். முதலாளிக்கு வேறு வழி தெரியவில்லை. எல்லாருக்கும் டீ சொன்னார். தன் கிளாசுக்குள் பார்த்தபடி, “மிஷின் கோளாறு” என்றார்.

“மிஷின் யாரையும் திருடின்னு சொல்லல அண்ணாச்சி” என்றாள் மாரி.

டீ ஆற்றுகிறவர் கை அப்படியே நின்றது. முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் டீயைப் பார்த்தார். பிறகு முதலாளி என்னைப் பார்த்தார். யார் பார்த்தாலும் தரையைப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு ஏனோ கழுத்து குனியவில்லை.

“அந்தப் புள்ள எடுக்கல” என்றார், தொண்டைக்குள்ளேயே.

“லாரி போகுது அண்ணாச்சி, காதுல விழல!” என்று சங்கரபாண்டி கத்தினார். அப்போது சாலையில் ஒரு சைக்கிள்கூடப் போகவில்லை.

“மாரீஸ்வரி எடுக்கல! போதுமா? மூடாதேன்னு நான்தான் சொன்னேன்!”

அது பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. மாரி தன் டீயை அவசரமில்லாமல் குடித்து முடித்தாள். கிளாசைப் பலகையில் வைத்தாள்.

“இப்ப ஏறுவேல்ல?”

“இல்ல அண்ணாச்சி. நான் எப்பவும் போல பஸ்ல வாரேன். கடைல வேல கெடக்கு.”

நானும் அவளோடு நின்றுவிட்டேன். வேன் முதலாளியையும், மேனேஜரையும், கம்ப்யூட்டர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போனது. பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் அழ ஆரம்பித்தாள். பெயர் கெட்டுக் கிடந்த நாளெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்தப் பெயர் திரும்பி வந்த பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து, “எங்கம்மா போகணும்? இந்தப் புள்ளைக்கு என்ன?” என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து பஸ் ஏறினால் டிக்கெட் கேட்பது மாரிதான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

“சிவகாசி ரெண்டு” என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. “அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீங்க டிக்கெட்டக் குடுங்க.”